இரண்டு விநாடி ரீங்காரம்

ஜூன் மாதம். ரியோ மாயோவில் காலை ஒன்பதுக்குத்தான் விடியும்.
அதற்கு முன்பே எத்தெல்வினா கூப்பிட்டாள்:
"ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, அன்செல்மோ."
சுற்றுகிறதா என்று போனிலேயே கேட்டேன்.
சுற்றுகிறதாம். நன்றாகச் சுற்றுகிறதாம்.
அப்படியென்றால் பாட்டரி இல்லை.
பாட்டரியாக இருந்திருந்தால் ஒரு கேபிளோடு முடிந்திருக்கும்.

வாசலில் சாம்பல் நிற ஃபோர்டு,
அதன் பின்பக்கம் வேலிக் கம்பத்தை ஒட்டி.
கம்பம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.
இந்த ஊர்க் காற்றில்
எந்தக் கம்பம்தான் நேராக நிற்கிறது?

சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொல்லி
பின்சீட்டில் காதை வைத்துக் கிடந்தேன்.
டாங்க்குக்குள் பம்ப் விழித்தால்
இரண்டு விநாடி ஒரு ரீங்காரம் வரும்,
போர்வைக்குள் மாட்டிக்கொண்ட வண்டுபோல.
வரவில்லை.
"இன்னொரு தடவை."
கதவிடுக்கில் காற்று மட்டும் பேசியது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது.
பம்பின் ரிலேயைக் கழற்றி ஹாரன் ரிலேயின் இடத்தில் செருகினேன்:
ஹாரன் அலறியது, எதிர்வீட்டு நாய் அலறியது,
இசித்ரோ ஜன்னலைத் திறந்து என்ன என்றான்.
"ரிலே பழுதில்லை." ஜன்னல் மூடிக்கொண்டது.
காற்றுக் குழாயில் ஸ்பிரே அடித்து, சுற்றச் சொன்னேன்.
எஞ்சின் மூன்று விநாடி உயிரோடு இருந்தது,
கடன் வாங்கிய மூச்சு தீர்ந்ததும் படுத்துக்கொண்டது.
பொறி இருக்கிறது. பட்டினிதான் நோய்.
பெட்ரோல் குழாயின் வால்வை நகத்தால் அமுக்கினேன்,
ஒரு சொட்டு இல்லை.
டாங்க் என்னவோ நேற்றுச் சாயந்திரம் நிரப்பியது, விளிம்புவரை;
ரசீது டாஷ்போர்டிலேயே கிடந்தது.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதை
இவ்வளவு அப்பட்டமாக நான் பார்த்ததில்லை.

மிச்சம் ஒன்றுதான்.
வண்டி எதிலாவது மோதினால்
பம்புக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கிற சின்ன ஸ்விட்ச்.
இந்த வண்டியில் அது டிக்கியின் இடது மூலையில், உறைக்குப் பின்னால்.
"டிக்கியைத் திறக்கணும்."
அவள் சாவியைத் தரவில்லை.
பிறகு தந்தாள்.

கம்பளிப் போர்வை. அதன் கீழே
கயிறு கட்டிய சூட்கேஸ்,
தையல் மெஷினின் தலை மட்டும்,
ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்,
செய்தித்தாள் சுற்றிய மூன்று தட்டுகள்.
எதையும் பார்க்காதவன்போல நகர்த்தினேன்.
தட்டுகள்தான் சத்தம் போட்டன.

உறையை விலக்கினால், சிவப்புப் பொத்தான்
மேலே எழும்பி நின்றது.
நேற்றிரவு யாரோ
விளக்குப் போடாமல் ரிவர்ஸ் எடுத்திருக்கிறார்கள்,
அவசரமாக.
ஸ்விட்சுக்குக் காரணம் தெரியாது.
விபத்து என்று நினைத்துக்கொண்டது.

சமையலறைக் கதவு திறந்தது.
இசித்ரோ மாத்தேக் குவளையோடு வந்தான், ஆவி பறக்க.
அதற்குள் போர்வை பழையபடி மூடியிருந்தது,
நான் மூடினேனா, அவளா, இன்றுவரை தெரியவில்லை.
"என்னதான் கோளாறு?"
"ஃபியூஸ்" என்றேன்.
இருபத்தாறு வருஷத்தில் பொய் சொன்னதுண்டு,
விலையில். நோயில் சொன்னதில்லை.
மாத்தே கசந்தது. அவன் சர்க்கரை போடாதவன்.

அவன் உள்ளே போனதும் அவளிடம் காட்டினேன்:
"திரும்ப நின்றுபோனால், இங்கே.
க்ளிக் என்று கேட்கும்வரை."
அவளே அமுக்கினாள்.
சாவியைத் திருப்பினாள். வண்டு முனகியது,
எஞ்சின் பிடித்துக்கொண்டது.
கொஞ்சம் சூடாகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

பில்லில் 'ஃபியூஸ் ஒன்று' என்று எழுதி
விலையை எழுதாமல் விட்டிருக்கிறேன்.
கடை ஷட்டரைப் பாதி தூக்கி அப்படியே நின்றேன்,
காது நெடுஞ்சாலைப் பக்கம்.
காற்று.
கம்பளி ஏற்றிய லாரி.
காற்று.
பிறகு ஏதோ ஒன்று, இரண்டாம் கியரில்,
ஃபோர்டா என்று அடித்துச் சொல்ல முடியாத தூரத்தில்.