மடிக்கணக்கு

சிலேத்தாரிலிருந்து தீவுக்குப் போகும் விமானத்தில்
பத்தொன்பது இருக்கைகள்.
பெட்டியோடு ஆளையும் நிறுப்போம்.
எண் என் பக்கம்தான் தெரியும்;
ஆனாலும் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார்கள்,
எக்ஸ்ரே எடுப்பதுபோல.

படகு மோட்டாரின் விசிறி. இரண்டு மூட்டை வெங்காயம்.
கேக்கை மடியில் வைத்துக்கொண்டால் கணக்கில்லையே
என்று வாதாடினார் தீவுப் பள்ளி வாத்தியார்.
மடியும் விமானத்துக்குள்தானே சார், என்றேன்.

ரொஸ்மாவத்தி ஏப்ரல் முழுக்கச்
செவ்வாய் வருவாள், வியாழன் போவாள்.
வரும்போது நீலக் குளிர்பெட்டி நிறையப் பால்,
கேகே மருத்துவமனையில்
கண்ணாடிக்குள் கிடப்பவளுக்கு.
போகும்போது பெட்டி காலி: ஒன்று புள்ளி நான்கு.
அவள் ஐம்பத்தாறு.
பிறகு ஐம்பத்தைந்து.
பிறகு ஐம்பத்து மூன்று.
மழைக்கு விமானம் ரத்தான ஒரு வியாழன்
என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

நேற்றுப் பெட்டி இல்லை.
தராசில் ஏறினாள். மூச்சை இழுக்கவில்லை.
ஐம்பத்தாறு புள்ளி இரண்டு.
சால்வைக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி.

கைக்குழந்தைக்குத் தனி எடை வேண்டாம் என்பது விதி.
நான் திரையைப் பிடித்து
அவள் பக்கம் திருப்பினேன்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.
பின்னால் வரிசை,
வெங்காய மூட்டைகளோடு,
காத்திருந்தது.