நகம்

கடல் தாண்டி ருஸ்தாவி சந்தைக்கு வந்த
சாம்பல் நிற வண்டி.
நொறுங்கிய முன்பக்கம் நோதாரின் வேலை.
கீறல்கள் என் பங்கு.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுவேன்.
வழுக்கினால் பாலிஷ் போதும்.
தடுக்கினால்
உப்புத்தாள், பிரைமர், நிறம், வார்னிஷ்,
இரண்டு பகல்.

பின் பம்பரில் ஏதோ தூண்.
இடப்பக்கம் யாரோ சாவியால் இழுத்த கோபம்,
ஒரே மூச்சில், கைப்பிடியிலிருந்து டிக்கி வரை.
ஓட்டுநர் கதவில் மட்டும்
நான்கு நான்காய்க் கோடுகள்
முழங்கால் உயரத்தில் தொடங்கி.
கீழே இருந்தவை வழுக்கின.
மேலே போகப் போகத் தடுக்கியது.
குட்டியாய் வந்து
இடுப்புயரம் வளர்ந்திருக்கிறது.
வண்டி வாசலில் நின்ற ஒவ்வொரு மாலையும்
தாவியிருக்கிறது,
கதவு திறக்கும்வரை பொறுக்காமல்.

"நோதார், ஓட்டியவருக்கு என்ன ஆச்சு?"
"ஏலச் சீட்டில் அதெல்லாம் போட மாட்டான், மக்வாலா.
வியாழக்கிழமைக்குள் முடி."

முடித்தேன்.
குத்தாயிசியிலிருந்து வந்தவன் கதவைத் தடவினான்.
"கண்ணாடி!" என்றான்,
அப்படியும் நூறு குறைத்தான்.
வண்டி போன பிறகு கை கழுவினேன்.
நகக்கண்ணில் அந்தச் சாம்பல்
ஞாயிறு வரை இருந்தது.