இப்போது திருத்துபவர்கள்

டிசம்பர் பணிப்பட்டியலை
தலைமை நர்ஸ் பெலிசார்டா நேற்றே திறந்துவிட்டாள்.
பிரகான்சா மருத்துவமனை, மூன்றாம் மாடி,
பக்கவாதப் பிரிவு.
அவரவர் இரவை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

மேல் ஓரத்தில் வட்ட வட்டமாய் நாங்கள்.
ஊதா டெல்மு. பச்சை சுல்மீரா.
சிவப்பில் ஓலீவியா என்று காட்டினாலும்
அது அவள் புருஷன் என்று எல்லோருக்கும் தெரியும்;
அவள் இந்நேரம் தூங்கிப்போயிருப்பாள்.

இருபத்துமூன்று வரை அரைமணியில் நிரம்பிற்று.
முப்பத்தொன்றுக்குக்கூட ஆள் கிடைத்தது.
இருபத்துநான்கு, இரவு:
அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாய்.

பக்கத்துக் கட்டம்வரை வருவார்கள்,
பேருந்தில் ஈர இருக்கையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
வேறெங்கோ எழுத்துப்பிழை திருத்தப் போவார்கள்.
டெல்மு தன் பெயரையே மூன்று முறை திருத்தினான்.

எனக்கும் சாக்கு உண்டு.
உப்புமீனை இரண்டு நாள் முன்பே ஊறப்போட வேண்டும்,
மாமியார் வீட்டில் பதினொரு பேர்,
முட்டைக்கோசு நறுக்க என்னை விட்டால் ஆளில்லை.

இரவு இரண்டேகாலுக்கு
மருந்துத் தட்டைத் துடைத்துவிட்டு
வார்டு டேப்லெட்டில் மறுபடி திறந்தேன்.
ஆரஞ்சில் ஒரே ஒரு வட்டம்.
எர்மீனியா.
ஐம்பத்தெட்டு வயது.
அவள் ஒரு வாரம் பேசுவதை
ஒரு காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.
வீட்டிலிருந்து, இந்நேரத்தில்,
இருபத்துநான்கின் கட்டத்துக்குள்
அவள் கோடு மினுக்மினுக்கென்று நின்றது.

எ.
போனது.
எர்மீ.
ஒவ்வோர் எழுத்தாய்ப் பின்வாங்கியது.

பாவம், யாருக்குத்தான் மனசு வரும் என்று நினைத்தேன்.
நான்கு நிமிடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது,
என் நீல வட்டம் அவளுக்குத் தெரியும்.

லக்சம்பர்க்கிலிருந்து மகன் இந்த வருஷம் வரவில்லையாம்.
கேன்டீனில் காதில் விழுந்தது,
அவள் சொன்னதல்ல.
தொலைபேசியில் அவனிடம்
"நீ வந்தாலும் நான் இருக்கமாட்டேன், டூட்டி" என்று சொல்ல
அவளுக்கு ஓர் இரவு தேவைப்பட்டிருக்கலாம்.
அதை எடுக்கும்போது
யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி எடுப்பது?

கோப்பை மூடினேன்.
டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.
போதாதென்று தோன்றி, அணைத்தும் விட்டேன்.
ஏழாம் படுக்கைக்காரர் தண்ணீர் கேட்டார்.
கொடுத்தேன்.
தலையணையைத் தட்டினேன், திரையை இழுத்தேன்,
இல்லாத வேலையெல்லாம் செய்தேன்.

காலையில் கட்டம் நிரம்பியிருந்தது.
டெல்மு பக்கத்தில் கைதட்டும் படம் போட்டிருந்தான்.
"இந்த வருஷம் நீதான் மாட்டினியா?"
லாக்கர் அறையில் சுல்மீரா சிரித்தாள்.

எர்மீனியா ஷூ நாடாவை இறுக்கினாள்.
"வேற வழி?" என்றாள்.

"அதானே" என்றேன்,
என் கோட்டைத் தேடுவதுபோல்
திரும்பிக்கொண்டு.