தட்டையான உச்சி

லாபிர் காக்காவின் பழைய இரும்புக் கடையில்
பித்தளைக் குழாய்களோடு தராசேறிய அலைவுகாட்டி.
ஒன்பது கிலோ இருநூறு.
"கண்ணாடி உடையல்ல, உசிர்தான் இல்ல" என்றார்.
பொய் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றினால்
பவர் சப்ளைப் பலகையின் நடுவில்
ஐந்து ரூபாக் குற்றியளவு கரி.
எந்த மாரியின் இடியோ, எந்தப் பள்ளிக்கூட ஆய்வுகூடமோ.
மிச்சத்தை உப்புக்காற்று தின்றிருந்தது.
செம்புக் கோடுகளில் பச்சை பூத்து
ஒரு டயோடின் கால் தொட்டதும் உதிர்ந்தது.

வரைபடம் எங்கும் கிடைக்கவில்லை.
பலகையைக் குண்டு பல்புக்கு முன் பிடித்து
மேல்பக்கத்துக்குச் சிவப்புப் பேனை, கீழ்ப்பக்கத்துக்கு நீலம்,
கந்தோரில் கழித்த வரவுப் படிவங்களின் முதுகில்
கோடு கோடாய் நடந்தேன், பதினொரு இரவு.
பன்னிரண்டு வோல்ட் எங்கே போகிறது,
கழித்தல் பன்னிரண்டு யாருக்கு வேணும்,
இந்த ஐந்து ஏன் இத்தனை வீடு ஏறி இறங்குகிறது.
கரியிருந்த இடத்தில் என்ன இருந்ததென்று
சுற்றியிருந்த பாகங்களை
அக்கம்பக்கத்தாரைப் போல விசாரித்தேன்.
ஆளுக்கொன்று சொல்லின.

மறுகா, கணினியில் புதுப் பலகை.
சுவர்க் கறண்ட் வரும் பக்கத்துக்கும்
விரல் படும் பக்கத்துக்கும் நடுவே
எட்டு மில்லிமீற்றர் வெறும் நிலம்.
அதில் செம்பு கூடாது, துளை கூடாது.
"வனோஜா, ஆரையம்பதி, முதற் பதிப்பு" என்பதை
மூலையில் ஒடுக்கினேன்.

தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான் ஜீவிதன்.
"இதென்ன, காணி உறுதிப் படமா?"
"ஓம். எல்லைக்கல் போடுறன்."

ஐந்துக்குக் குறைய அடிக்க மாட்டார்களாம்.
பலகையைவிடத் தபாற்கூலி கூட.
இருபத்திமூன்றாம் நாள் கையெழுத்து வைத்து வாங்கி
கந்தோர் முழுக்கக் காட்டினேன்.
கணக்காளர் சறூக் சேர்
என் பெயரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை.

அன்றிரவே ஈயம் உருக்கி,
பயத்துக்கு ஒரு குண்டு பல்பைத் தொடரில் கட்டி
செருகினேன்.
பல்பு முழுதாய் எரிந்தது.
ஒரு கப்பாசிட்டர் வயிறு ஊதிற்று.

டயோட் பாலத்தின் கால்களைக்
கீழிருந்து பார்த்து அளந்தவள்
மேலிருந்து வைத்திருக்கிறேன்.
ஐந்து பலகையிலும் அதே பிழை, அதே நேர்த்தியில்.

அழுவதற்குக் கதிரையில் சாய்ந்தபோதுதான் விளங்கியது,
பாலத்தைக் கழற்றி முகத்தைத் திருப்பி வைத்தால் போதும்.
அவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றமாயும் இருந்தது.
பிழையான இடத்தில் அச்சாகியிருந்த கூட்டல் குறியை
ஊசியால் கீறி அழித்தேன்.
ஒரு பாலம் என் ஊரில்
கிறுகி நிற்கிறது, வேலை செய்கிறது.

இம்முறை பல்பு ஒருதரம் சிமிட்டி அடங்கியது.
கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி,
பிறகு கோடு.

காட்ட வேறொன்றும் இல்லாததால்
பழைய அழைப்புமணியின் ட்ரான்ஸ்போமர் வழியே
சுவர்க் கறண்டையே காட்டினேன்.
புத்தகத்தில் உருண்டையான குன்றும் பள்ளமும்.
இங்கே குன்றுக்கு உச்சியே இல்லை,
யாரோ அகப்பையால் வழித்ததுபோல் தட்டை.

பலகையையும் என்னையும் மாறி மாறிச் சந்தேகித்தேன்.
பலகை சரி. நானும் சரி.
ஊரிலுள்ள ஒவ்வொரு டீவியும் சார்ஜரும்
அலை உச்சிக்கு வரும் அந்தக் கணத்தில்தான்
வாய் வைக்கின்றன.
செக்கனுக்கு நூறு தரம், எல்லோரும் ஒன்றாய்.

பன்னிரண்டரை வரை பார்த்திருந்தேன்.
வீடுகள் ஒவ்வொன்றாய் அணைய
உச்சி ஒரு மயிரளவு உருண்டது,
அல்லது உருண்டதென்று நினைத்தேன்.

"லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் படு" என்றான்.

லைற்றை நிப்பாட்டினேன்.
பச்சைக் கோடு மட்டும் எரிந்தது,
தான் காட்டுகிற குன்றிலிருந்தே
ஒரு வாய் எடுத்துக்கொண்டு.