ஆறாவது குழி

குழி என்றுதான் சொல்கிறோம்,
பூங்காவில் ஒரு குழியும் இல்லை.
முதலாவது, கால் உடைந்த சிமெந்து வாங்கு.
இரண்டாவது, மாநகரசபையின் பச்சைக் குப்பைத்தொட்டி,
மூடி திறந்திருந்தால் மட்டும் கணக்கு.
மூன்றாவதை நெரஞ்சலா போன போயாவில் இடம் மாற்றினாள்,
அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

மூன்று தட்டுகள் பிரிஸ்பேனிலிருந்து வந்தவை,
மஃறூபின் மச்சானுடைய சூட்கேஸில்
காற்சட்டைகளுக்கு நடுவே.
நாலாவது, பெயின்ற் வாளியின் மூடி.
சுலோஜன் அதைத்தான் எறிவான்.
விளிம்பில் காய்ந்த வெள்ளை இன்னும் கொஞ்சம்.
மற்ற மூன்றையும்விட அழகாய்ப் பறக்கும்,
எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது.

காலை ஏழு மணி.
மாரா மரங்கள் இராத்திரி மழையை
இன்னும் கைவிடவில்லை.
ஒரு காற்று, பிறகு பிடரியில் நாலு துளி.
வௌவால்கள் தலைகீழாய்த் தொங்கியபடி
புள்ளிகளையும் தலைகீழாய்த்தான் எண்ணுகின்றன போலும்,
அவற்றின் கணக்கில் மஃறூப் வெல்கிறான்.

"பார்க்கிற இடத்துக்குத்தான் தட்டு போகும்,
மரத்தைப் பார்க்காதே" என்பான் அவன்.
இங்கே வேறெதைப் பார்ப்பது?

டொக்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.
மாராவில் கனமாய், கொன்றையில் ஒல்லியாய்.
ஆலில் சத்தமே வராது,
விழுதுகள் வாங்கி வைத்துக்கொள்ளும்.

மழை விட்ட பிறகும் மடிக்காத குடைகள்
வேலியோரம் இரண்டிரண்டு கால்களுடன்.
குடையில் பட்டால் இரண்டு புள்ளி தண்டம்,
நிலத்தைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்கவேண்டும்.
இன்று ஒரு குடைக்குள்ளிருந்து
வளையல் போட்ட கை மட்டும் வந்து
தட்டை நீட்டியது.
முகம் எங்களுக்கு வேண்டியதில்லை என்று
அந்தக் கைக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தாவதில் விசில்.
காவலாளி பலகையைக் காட்டினார்.
மூன்று மொழியிலும் தடை.
தமிழில் எழுதியவர் பந்துக்கு ஓர் எழுத்தை மாற்றிவிட்டார்:
"பத்து விளையாடக் கூடாது."
"நாங்க நாலு பேர்தானே" என்றான் மஃறூப்.
நெரஞ்சலா சிங்களத்தில் வேறு வழக்குப் பேசினாள்,
இது பந்தே இல்லை, தட்டு.
அவர் தட்டை வாங்கி நகத்தால் தட்டிப் பார்த்தார்,
திருப்பினார்,
சாப்பாடு போட முடியாத தட்டு.
எட்டரை வரை, என்றார்.

வேகம் குறைந்ததும் தட்டு இடப்பக்கம் சாயும்.
அவர்கள் மூவருக்கும் அப்படித்தான்.
எனக்கு வலப்பக்கம்,
நான் இடக்கை.
வங்கியில் நோட்டு எண்ணும்போது
வரிசையில் நிற்பவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிற கை.
தரும் புத்திமதியெல்லாம்
கண்ணாடியில் பார்த்துத்தான் எனக்குப் பொருந்தும்.
ஐந்து குழியிலும் நான்தான் கடைசி.
ஆனால் ஆறாவது ஆலைச் சுற்றி வலப்பக்கம் வளைகிறது,
அந்தப் பக்கம் ஒரு விளக்குக்கம்பம்.
அவர்களுக்கு இரண்டு எறி,
மரம் கோபித்தால் மூன்று.

எறிந்தேன்.
விழுதுகளுக்கு வெளியே ஒரு சாண் விட்டுப் போனது.
அவசரமில்லாமல் சாய்ந்தது.
ஆலுக்குப் பின்னால் மறைந்தது.
நாலு பேரும் காதைக் கொடுத்து நின்றோம்.
டொக் இல்லை.
கம்பத்தின் இரும்பும் ஒலிக்கவில்லை.
தூரத்தில் ஒரு முச்சக்கரவண்டி மட்டும்.

தேடினோம்.
புல்லில், கானில், குரோட்டன் செடிகளின் அடியில்.
காவலாளியும் தேடினார், விசிலை வாயில் வைத்தபடி.
குட்டி போட்ட நாய் கொஞ்ச நேரம் தேடியது.

சுலோஜன் சொன்னான், எந்த மரமும் சத்தம் போடவில்லை,
ஆகவே ஒன்று.
மஃறூப் சொன்னான், தட்டு இல்லாமல் புள்ளி இல்லை.
மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தில்
என் பெயருக்கு நேரே ஆறாவது கட்டத்தை
நெரஞ்சலா வெறுமையாய் விட்டாள்.

138 பஸ்ஸில் வெள்ளை உடுத்த கூட்டம்.
வலக்கையால் கம்பியைப் பிடித்திருக்கிறேன்.
மற்றது இன்னும் விட்ட இடத்திலேயே நிற்கிறது,
விரல்கள் கொஞ்சம் திறந்து.
பக்கத்துப் பெண் மிச்சக்காசு கேட்கிறேன் என நினைத்து
நடத்துநரைக் கூப்பிடுகிறாள்.