முப்பத்தொன்று

மாதம் ஓர் ஊசி. அதற்காகத்தான் வருகிறேன்.
மெரிமாக் ஆறு இன்னும் முழுதாய் உறையவில்லை,
ஓரங்களில் மட்டும் வெள்ளைத் தோல்.
பேருந்து இறங்கி, வாசலில் ஒன்று பற்றவைத்து,
பாதியில் அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகினேன்.
இன்று பதினேழாம் தேதி. உதவித்தொகை வந்தது மூன்றாம் தேதி.
மிச்சம் என்பது இப்போது சொத்து.

அரைமணி ஆகும் க்ளோடெட், என்றாள் அஸ்ரா.
அதுவரை மூலையில் இருக்கும் கணினியைப் பாருங்களேன்.
எனக்கு அதெல்லாம் ஆகாது என்றேன்.
பக்கத்துக்கு ஒரு கேள்விதான்,
அதுவே வாசித்தும் காட்டும் என்றாள்,
காதில் மாட்டும் கருவியைத் துடைத்துக்கொண்டே.

பெரிய பெரிய எழுத்து.
ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?
பொய் சொல்ல வாயெடுத்தேன். எதிரே முகம் இல்லை.
முகம் இல்லாத இடத்தில் பொய் எதற்கு?
இருபத்தைந்து.
ஒரு பாக்கெட் என்ன விலை?
எட்டு டாலர்.
திட்டவில்லை. பெருக்கி மட்டும் காட்டியது.
ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது.

காசைக் கரியாக்குவது என்பார்களே,
சொல்லுக்குச் சொல் அதைத்தான் செய்திருக்கிறேன்.
அந்தத் தொகைக்குள் என் மேல்வரிசைப் பற்கள் இருந்தன.
தண்ணீர் புகாத ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது.
பாங்கோரில் இருக்கும் மகனைப் பார்த்துவர
எத்தனையோ தடவைக்கான பேருந்துக் கட்டணம் இருந்தது,
அவன் வரச்சொன்னால்.

மேசைமேல் ஒரு சின்னக் கருவி. ஊது என்றது திரை.
பதினைந்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து, ஊதினேன்.
முப்பத்தொன்று.
புகைக்காதவர்களுக்கு ஆறைத் தாண்டாதாம்.
கணக்குப் பரீட்சையில்கூட
முப்பதைத் தாண்டியதில்லை நான்.
சிரித்தேன், இருமினேன். எண் அசையவில்லை.

அப்புறம் ஒரு வீடியோ. வெண்டல் என்று ஓர் ஆள்,
வேட்டைக்காரன் தொப்பி, கையில் நடுக்கம்,
என் மாத்திரைகள் தரும் அதே நடுக்கம்.
எனக்கும் குரல்கள் கேட்கும், என்றான்,
நாளைக்குப் பனி பெய்யும் என்பதுபோல.
விட்ட முதல் வாரம் அவை கத்தின. டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார்.
தோளில் ஒட்டும் பட்டை, வாரம் ஒருமுறை பேச ஓர் ஆள்.
இரண்டு தடவை தோற்றேன்.
இப்போது ஏழு மாதம், என்று ஆறு விரல் காட்டினான்.
பார்த்தான். ஏழாவதை நிமிர்த்தினான்.

அடுத்த பக்கம்.
விட்டுவிட வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா?

நாற்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை இதை.
எனக்கு முதன்முதலில் பற்றவைத்தது மருத்துவமனைத் தீக்குச்சி.
படுக்கையை மடித்தால் ஒன்று,
குளித்தால் ஒன்று,
கத்தாமல் இருந்தால் இரண்டு.
கூடம் நிறைய நல்ல பிள்ளைகள், புகைக்குள்.
பிற்பாடு வந்த டாக்டர்களோ,
பாவம், அவளுக்கு இருப்பது அது ஒன்றுதானே என்றார்கள்,
நான் அந்த அறையில் இருக்கும்போதே.

திரை அவசரப்படவில்லை.
எனக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
உண்டு என்பதைத் தொட்டேன்.
மஞ்சள் ஏறிய விரலின் அச்சு கண்ணாடியில் நின்றது.

அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது.
டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள், என் பெயரோடு.
எனக்கு வாய் வராது என்று எப்படியோ தெரிந்திருக்கிறது.
தாளை நீட்டினால் போதுமாம்.

வெளியே போய், காதில் இருந்த மிச்சத்தை முடித்தேன்.
மறைக்க மாட்டேன்.
ஆற்றுக்கு அந்தப்புறம் செங்கல் ஆலைகள்,
ஒன்றிலும் புகை இல்லை; கம்பெனிகள் குடியிருக்கின்றன.
தாள் பைக்குள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

க்ளோடெட் திபோ, என்று கூப்பிட்டார்கள்.
எப்போதும் எழும்போதே
ஊசிக்காக இடது கைச் சட்டையை மடித்துவிடுவேன்.
இன்று வலது கை முந்திக்கொண்டது,
பைக்குள் போயிருந்தது.