இரண்டு மணி ஊதா

ஆணி அடிக்கக் கூடாது என்பது
வாடகைப் பத்திரத்தில் எழுதாத முதல் விதி.
அதனால்தான் இது:
பர்மா பஜாரில் பேரம் பேசி
நானூற்று இருபதுக்கு வாங்கிய ஐந்து மீட்டர் சுருள்,
முதுகெல்லாம் பசை, நுனியில் ஒரு டப்பி.
ரிமோட்டே வேணாம் சார், போன் போதும் என்றான் கடைக்காரன்.

கோமளா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள
பரணுக்கு அடியில் ஒட்டிக்கொண்டே போனேன்.
காசிமேட்டுச் சுவர்,
உப்புக்காற்று தின்றது போக மிச்சம்.
ஒட்டியதெல்லாம் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு
என் தோளில் விழுந்தது.
"இன்னா, மாலை மரியாதையா" என்றாள்.

துடைத்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டி
மறுபடி ஒட்டினேன்.
மூலையில் மடித்த இடத்தில் மூன்று குமிழ் செத்துவிட்டன.
மடிக்கக் கூடாது என்று அட்டையில் இருந்ததைக்
குப்பையிலிருந்து எடுத்துப் படித்தேன்.

போனில் தேடினால்
ஒரே பெயரில் இரண்டு விளக்கு.
எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தொட்டேன்.
எரிந்தது.

சமையல் மேடை வரைக்கும் மயில்கழுத்து நிறம்,
எவர்சில்வர் அடுக்கெல்லாம் கல்யாண மண்டபம்.
கோமளா பச்சை வெங்காயம் அரிந்தாள்,
பிறகு நீல வெங்காயம்,
பிறகு எது வெங்காயம் எது விரல் என்று தெரியாமல்
"டியூப் லைட்டப் போடு" என்றாள்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குத்
தானாக எரிந்தது. ஊதா.
அணைத்தேன்.
மறுநாளும் இரண்டு மணி, அதே ஊதா.
டப்பியைத் தட்டிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன்.
எலுமிச்சம்பழம் சுற்றிப் போடலாமா என்றாள் கோமளா,
பாதி விளையாட்டாக.

ஆறாம் நாள் தூங்காமல் படுத்திருந்தேன்.
ஊதா வந்தது.
கூடவே சுவருக்கு அப்பால் பாய் சுருட்டும் சத்தம்,
தொண்டையைக் காறும் சத்தம்,
படியில் செருப்பு,
கீழே மீன்பாடி வண்டி உறுமிக் கிளம்பியது.
தேசப்பன்.
ஐஸ் ஏற்றப் போகிறான்.
நடைக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.
அவன் வீட்டு ஜன்னலிலும் ஊதா.
அதே கடை, அதே சுருள்.
அவனும் இரண்டையும் தொட்டிருக்கிறான்.

பேச்சு நின்று இரண்டு வருஷம்.
அந்த வண்டி பின்னால் வந்து
என் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்தது.
நான் நூற்றைம்பது ரூபாய் கேட்டேன்.
அவன் என் அப்பன் பேரைக் கேட்டான்.
அவனுக்கு வரும் கொரியரைக்கூட வாங்கி வைக்காத வீடு இது.
அவன் எழும் நேரத்துக்கு
இங்கே விளக்கு எரிகிறது.

டப்பியின் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால்
எல்லாவற்றையும் மறந்துவிடுமாம்.
விரல் வைத்தேன்.
மூன்று வரை எண்ணினேன்.
எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை வந்தது.
படகெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு
துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன.
இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது,
விளக்கு வரவில்லை.
இரண்டு ஐந்து.
இரண்டு பத்து.
பல்லி. மின்விசிறி. கோமளாவின் மூச்சு.
என்ன பிடித்ததோ,
போனை எடுத்து ஊதாவைத் தொட்டேன்.

பரணடி முழுக்க எரிந்தது,
செத்த மூன்றைத் தவிர.
சுவருக்கு அப்பால் ஏதோ உருண்டது,
சொம்பாக இருக்கலாம்.
"கடலுக்கே லீவு வுட்டாச்சு, உனுக்கு இன்னாடா!"

விளக்கைத்தான் திட்டினான்.
ஆனாலும் இரண்டு வருஷத்தில்
அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு.

"நான்தான்" என்றேன் சுவரிடம்.

"யாரு?" என்றாள் கோமளா
போர்வைக்குள்ளிருந்து.